தலையணை உறையில் ஒரு எண்ணெய்க் கறை

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கத்துச் சந்தில் எண்ணெய்க் கறை என்றால் ருக்கையாவிடம்தான் கொண்டுவருவார்கள். வீடு வீடாகத் துணி வாங்கித் துவைத்துப் பிழைத்தவள். வெறும் சோப்பை நம்புகிறவர்களைக் கண்டால் அவள் வாய் சும்மா இருக்காது. கட்டிச் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, கப்பல் சாமான் கடையில் வாங்கிய சலவைத் திரவத்தையும் அதில் கொஞ்சம் ஊற்றுவாள்.

"தனித்தனியா போட்டா ரெண்டும் சோம்பேறி. சேத்துப் போடுங்க" என்பாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. சோப்பின் மூலக்கூறுக்குத் தலை தண்ணீரை நாடும், வால் எண்ணெயை நாடும். போதிய அளவு சேர்ந்ததும் அவை வால்களை உள்ளே வைத்து உருண்டையாகக் கூடிக்கொள்ளும். மிசெல் என்று அதற்குப் பெயர். எண்ணெய் அந்த உருண்டைக்குள் புகுந்து தண்ணீரோடு வந்துவிடும். இரண்டு வகையைக் கலந்தால் கொஞ்சம் சரக்கிலேயே அந்த உருண்டைகள் கூடிவிடும். இதெல்லாம் ருக்கையாவுக்குத் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அவள் கணவர் காதர் மைதீன் துறைமுகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழுந்திருக்கவில்லை. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் ருக்கையா உட்கார்ந்தாள். அது முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. ஆண்கள் நடமாடும் பொதுக் குழாயடிக்கும் போக முடியாது. அவளிடம் தொழில் பழகிய பக்கத்து அறை லீலாதான் துணியெல்லாம் துவைத்துக் கொடுத்தாள்.

ஒன்றை மட்டும் ருக்கையா கொடுக்கவில்லை. அவருடைய தலையணை உறை. அதன் நடுவில், அவர் தலைக்குத் தேய்த்துவந்த, கிராம்பு போட்டுக் காய்ச்சிய எண்ணெயின் வட்டம் இருந்தது. முகம் புதைத்தால் மனிதர் பக்கத்தில் படுத்திருப்பது போலவே இருக்கும். இதைப் போய் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு லீலாவிடம் சொல்லாமல் விட்டாள். பாழாய்ப்போன வெட்கம்!

இறந்தவருக்காக நாற்பதாம் நாள் ஓதும் பாத்திஹாவுக்கு முன்தினம், தொழுகை முடித்துத் திரும்பிப் பார்த்தால் தலையணை உறையில்லாமல் கிடந்தது. லீலாதான் துவைக்க எடுத்துப் போயிருப்பாள் என்று பதறி வாசலுக்கு ஓடினாள். நிலைப்படியில் கால் நின்றுவிட்டது. குழாயடியில் ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"லீலா, அத விட்டுடு!" என்று கத்தினாள். தண்ணீர்ச் சத்தத்தில் யார் காதில் விழும்?

சற்றைக்கெல்லாம் லீலா சிரித்த முகமாக வந்தாள். உறை பளிச்சென்று இருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே ரெண்டையும் கலந்தேன்க்கா. ஒரு பொட்டு எண்ணெய் இல்ல, பாருங்க லா!"

ருக்கையா அதை முகர்ந்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

"ஊறவச்ச தண்ணி எங்க?"

"பேசின்லதான் இருக்கு."

"இங்க கொண்டா."

லீலா ஒன்றும் புரியாமல் அந்த அகலப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ருக்கையா கலங்கிய தண்ணீரில் கைவிட்டுத் துழாவினாள், குனிந்து முகர்ந்தாள். எண்ணெய் எங்கும் போய்விடவில்லை, அதற்குள்தான் இருந்தது. அதைத் திரும்ப எடுக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

"கொட்டிடவாக்கா?"

பேசினைக் கட்டிக்கொண்டு ருக்கையா வாய்விட்டு அழுதாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்டி" என்றாள்.