ஒரே எடிட்டர்

எடிட்டர் மென்பொருளுடனான தொடர்பு அறுந்துவிட்டது என்று கறுப்புத் திரையின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அறையில் இருந்த அத்தனை பேர் திரையிலும் ஒரே நொடியில் வந்தது. விசைப்பலகைச் சத்தம் மொத்தமாக நின்றுபோன அந்த அமைதி இன்றும் என் காதில் இருக்கிறது. அதை உண்டாக்கிய மனிதர் எங்கள் டீம் லீட். அவரைப் பற்றி நல்லதாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மருத்துவமனைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். நிரல் எழுத நாங்கள் பயன்படுத்திய எடிட்டரை இரண்டு விதமாகத் திறக்கலாம். கட்டளை வரியில் அதன் பெயரையும் கோப்பின் பெயரையும் அடித்தால் நமக்கென்று தனியாக ஒன்று திறக்கும். அல்லது, பின்னணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எடிட்டரிடம் கோப்பை ஒப்படைத்து, அதிலேயே நமக்கு ஒரு ஜன்னல் கேட்கலாம். இரண்டாவது வழி வேகமானது. ஒருவர் தன் வேலைக்கு வைத்துக்கொள்ள அருமையானது. டீம் லீட் அதை எங்கள் எல்லோர் தலையிலும் கட்டினார். எல்லோரும் ஒரே யூசர் பெயரில்தான் சர்வருக்குள் வர வேண்டும். யார் எதைத் திறந்தாலும் அவர் காலையில் தொடங்கிவைத்த எடிட்டருக்குள்தான் திறக்க வேண்டும். தன் நாற்காலியில் சாய்ந்தபடியே எங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். நாங்கள் அடிக்கும் எழுத்து அப்படியே அவர் திரையிலும் விழும். “அந்த ஒரு வரியை எவ்ளோ நேரமா அழிச்சு அழிச்சு எழுதறே? வீட்ல சண்டையா?” என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். நாங்கள் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவன் என்னைவிட இளையவன். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி வருவான்; எல்லோருக்கும் முன்னால் வந்திருப்பான். தொடர்பு அறுந்த அன்று மதியம் வாடிக்கையாளர்கள் வந்து மென்பொருளைப் பார்ப்பதாக இருந்தது. தள்ளுபடிக் கணக்கு முழுவதையும் அவன் காலையிலிருந்து திருத்திக்கொண்டிருந்தான். “நான் சொல்லாம யாரும் சேவ் பண்ணக் கூடாது” என்பது லீடின் கட்டளை. தானாகச் சேமிக்கும் வசதியையும், சர்வரில் இடத்தை அடைக்கிறது என்று சொல்லி நிறுத்தி வைத்திருந்தார்.

நான் ஒரு சந்தேகம் கேட்க அவர் மேஜைக்குப் போயிருந்தேன். அவருடைய ஜன்னல் உறைந்து நின்றது. நாலு முறை தட்டிப் பார்த்தார். பிறகு கட்டளை அடிக்கும் டெர்மினல் ஒன்றைத் திறந்து, ஓடும் எடிட்டரை அப்படியே கொல்லும் கட்டளையை அடித்து என்டரைத் தட்டினார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேமிக்காமல் இருந்த எல்லோர் வேலையோடும் அவனுடைய காலைத் திருத்தங்களும் அழிந்துபோயின.

வந்தவர்கள் முன்னால் பில் தப்பும் தவறுமாக வந்தது. லீட் அவனைக் காட்டி, “இவன் எடிட்டரை மூடித் தொலைச்சிட்டான்” என்றார். நான் எழுந்து, “இல்ல சார், நீங்கதான் நிறுத்தினீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்” என்றேன்.

எடிட்டரை நிறுத்தியது யார் என்று மறுநாள் முதலாளி சர்வரில் தேடச் சொன்னார். கட்டளை அங்கே பதிவாகியிருந்தது. அடித்தவர் யார் என்பதற்கு எங்கள் எல்லோருக்கும் பொதுவான அந்த ஒரே யூசர் பெயர்தான் இருந்தது. “இதுல என் பேர் எங்க இருக்கு, காட்டு” என்று என்னிடம் கேட்டார் லீட். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அந்த வாரமே அவனை அனுப்பிவிட்டார்கள். மாடிப்படியில் என்னிடம், “வுடுக்கா. நீ ஒர்த்தி சொன்ன பாரு, அது போதும். எங்கம்மாவாண்ட இன்னா சொல்றதுன்னுதான் ரோசனையா கீது” என்றான்.

அதன்பின் நான் தினமும் காலையில் எனக்கென்று தனி எடிட்டரைத் திறந்தேன். லீட் தேடிக் கண்டுபிடித்துக் கொல்வார். நான் மறுபடி திறப்பேன். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, இதுதான் எங்கள் பேச்சு. கிண்டியில் வேறு வேலை கிடைத்ததும் அவருக்குக் கை கொடுக்காமல் வெளியே வந்தேன்.

போன மாதம் தி.நகரில் ஒரு புடவைக் கடையின் பில் வரிசையில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கூட வந்திருந்த மகளிடம், “இவங்க நம்ம டீம்ல இருந்தவங்க. எடிட்டர் எல்லாம் நான்தான் கத்துக்குடுத்தேன்” என்றார்.

நான் அந்தப் பையனின் பெயரைச் சொல்லி, “அதுக்கப்புறம் ஒரு வருஷம் அவனுக்கு வேலை கிடைக்கல சார், தெரியுமா?” என்றேன்.

“யாரு அது?” என்றார். நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்த்தார். அவர் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு அத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

வரிசையில் நின்றபடியே அந்த மதியம் நடந்ததை எல்லாம் அவர் மகளிடம் சொன்னேன். “பழைய கதை எதுக்கும்மா இப்போ?” என்று நடுவில் தடுத்தார். அந்தப் பெண், “இருங்கப்பா” என்றாள். நான் நிறுத்தவில்லை. முடித்ததும் அவர் பக்கம் திரும்பி, அவனுடைய முழுப் பெயரையும், அப்பா பெயரின் முதலெழுத்தோடு, நிதானமாகச் சொன்னேன்.

“மறுபடியும் மறந்துட்டா கேளுங்க சார்,” என்றேன். “சொல்றேன்.”