நிறம் மாறும் காகிதமும் நிர்வாக இயக்குநரும்

பதினான்கு வருடம் ஒரு காகிதத் துண்டோடு குடித்தனம் நடத்தியவர் அந்த வேதியியல் பேராசிரியர். மீன் கெட ஆரம்பித்தால், பக்கத்தில் வைத்த மஞ்சள் துண்டு நீலமாகும், விஷயம் அவ்வளவுதான். அதைப் பற்றி ஒன்பது கட்டுரைகள் எழுதியிருந்தார். முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், தன்னையும் சேர்த்து நாலு பேர் என்பார்.

ஆராய்ச்சியெல்லாம் கம்பெனியாக வேண்டும் என்று பல்கலைக்கழகம் முடிவெடுத்த வருடம், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த ஸ்டோர் ரூமைக் காலிசெய்து அவருக்குக் கொடுத்தார்கள். கதவில் 'நிர்வாக இயக்குநர்' என்று பலகை. ஒரு வாரம் தினமும் அதைத் துடைத்தார். நிர்வகிக்க வேறொன்றும் இல்லை.

முதலில் மீன் சந்தைக்குப் போனார். மீன்காரம்மா செதில் சுரண்டுவதை நிறுத்தாமலே அரைமணி நேர விளக்கத்தையும் கேட்டாள்.

"சார், நீலமாயிட்டா என் மீனை யாரு வாங்குவா?"

எந்த மாநாட்டிலும் யாரும் கேட்காத கேள்வி.

எட்டு மாதம் கடை கடையாக ஏறி இறங்கினார். எல்லோரும் பாராட்டினார்கள், யாரும் வாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி சாப்பிட வந்தான். மீன் ஏற்றும் குளிர்சாதன லாரியின் டிரைவர். ஏற்றும்போதே கெட்டிருந்த சரக்குக்கு அவன் மேல் பழி போட்டு, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"உங்க காகிதம் பெட்டிக்குள்ள இருந்திருந்தா இவன் தப்பிச்சிருப்பானே?" என்றாள் மனைவி.

"என்ன காகிதம், மாமா?"

பத்து வருடமாக அதே மேசையில் சாப்பிடுகிறவன். ஊர் ஊராகப் போய் விளக்கியவர், எதிரில் உட்கார்ந்தவனிடம் மட்டும் சொன்னதில்லை. காதுவரை சூடேற, அன்றைக்குச் சொன்னார்.

மைத்துனன் சில துண்டுகளைத் தன் டிரைவர் நண்பர்களிடம் கொடுத்துப் பார்த்தான். ஈரப் பெட்டியில் துண்டுகள் ஒட்டவே இல்லை. ஆய்வகத்தில் ஐஸ் உருகி வழியும் பெட்டி இருந்ததில்லையே. டிரைவர்கள் சிரித்தார்கள். மனைவிதான் துளைபோட்டு மூடியில் நூலால் கட்டச் சொன்னாள்.

அடுத்த வாரம், சரக்கு ஏற்றுமிடத்திலேயே ஒரு துண்டு நீலமானது. டிரைவர் ஏற்ற மறுத்தார். சரக்கு ஏற்றும் ஆட்களின் மேஸ்திரி எகிறினார். பெட்டியின் அடிவரை கிளறியதும் நாற்றத்தில் மேஸ்திரியே மூக்கைப் பொத்திக்கொண்டார். டிரைவர்கள் சங்கமே வாங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது நிர்வாகம் மைத்துனன் கையில். பேராசிரியர் துண்டுகளைத் தயாரிக்கிறார்; தாமதமானால் அவனிடம் திட்டும் வாங்கிக்கொள்கிறார்.