செல்லத்துரையின் இரண்டு கால்கள்

நேற்று நண்பர் ஒருவர் கைபேசியில் ஒரு பக்கத்தை அனுப்பியிருந்தார். ஃபிலிம் போட்டு எடுக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை மறுபடி செய்யப்போகிறார்களாம். என்னென்ன திருத்தங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ‘இந்தப் பைத்தியம் உனக்குத்தானே உண்டு, எழுது’ என்று ஒரு வரி வேறு. எழுத உட்கார்ந்தேன். செல்லத்துரையின் கால்தான் முன்னால் வந்து நின்றது.

அந்தக் கேமராவில் நாம் பார்ப்பது ஒரு சின்ன ஜன்னல் வழியாக. படம் பிடிப்பது பக்கத்திலிருக்கும் லென்ஸ். ஜன்னலில் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருகி இருவரையும் ஒருவராக்கினால் ஃபோகஸ் ஆயிற்று. குவைத்தில், ஃபஹாஹீல் பக்கம், கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தபோது பழைய சாமான் சந்தையில் ஒன்று வாங்கினேன். லென்ஸுக்கு மூடி இல்லை. ஃபிலிம் கழுவும் கடை வைத்திருந்த கீழக்கரை அண்ணன், அவர்கள் வழக்கில் காக்கா, “தம்பி, இது தூசி ஊரு. தொறந்து போட்டா லென்ஸு போயிரும்” என்று ஃபிலிம் டப்பாவின் கறுப்பு மூடியை எடுத்து அழுத்தினார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. அந்தக் கடையின் புளித்த மருந்து வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. காக்காவின் முகம்தான் வரமாட்டேன் என்கிறது.

செல்லத்துரை என் ரூம்காரன், முதுகுளத்தூர் பக்கம். சைட்டில் பலகை விழுந்து அவன் கால் கட்டைவிரல் நகம் போயிருந்தது. யார் போய்ச் சொன்னார்களோ, ஊரில் நகம் விரலாகி, விரல் காலாகி, ‘செல்லத்துரைக்கு ஒரு கால் இல்லையாம்’ என்று நின்றது. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் மிரண்டு போனார்கள். போனில் சத்தியம் செய்தான். போனில் காலைக் காட்ட முடியுமா? முழு ஆளாக நிற்கும் போட்டோ வந்தால்தான் தாம்பூலம் மாற்றுவோம் என்றுவிட்டார்கள். எங்கள் கேம்ப்பிலிருந்து ஒருவர் வரும் வெள்ளிக்கிழமை ராத்திரி லீவில் போகவிருந்தார். அவரிடம் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு.

ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றுதான் அவன் சொன்னான். நான்தான், “என்னடா, நான் இருக்கையில ஸ்டூடியோவா?” என்று பெரிய மனுஷத்தனம் காட்டினேன். வெள்ளிக்கிழமை காலை கடற்கரை. எவனுடைய காரிலாவது சாய்ந்து நின்று எடுப்பதுதான் எங்கள் வழக்கம். அன்று கார் வேண்டாம், கால் மறையும் என்று மணலில் நிறுத்தினேன். பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டான்.

“அண்ணே, ரெண்டு காலும் தெரியுதா?”

“நாலு தெரியுதுடா, இரு” என்றேன். வளையத்தைத் திருகினேன். நாலு இரண்டாயிற்று. அவன் ஒற்றைக் காலைத் தூக்கிக் காட்டினான், பிறகு மற்றதை. சிரித்தான். எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஃபிலிம் தீரும்வரை எடுத்தேன்.

சாயங்காலம் காக்கா கழுவிய ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். ஒன்றுமே இல்லை. “தம்பி, மூடியக் கழட்டினீங்களா?” என்றார்.

கழற்றவில்லை. கறுப்பு லென்ஸில் கறுப்பு மூடி. ஜன்னலில் பார்ப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? ஆனாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கழற்றிப் பையில் போட்டதாகக்கூட ஒரு ஞாபகம் இருக்கிறதே, அது எந்த நாளைய ஞாபகம்? இன்றுவரை குழப்பம் தீரவில்லை. நான் சொன்னதும் செல்லத்துரை குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு, “விடுங்கண்ணே, கால் இருக்குல்ல” என்றான். திட்டியிருக்கலாம் பாவி.

லீவுக்காரர் அன்றே வெறுங்கையோடு விமானம் ஏறினார். ‘கால் இருந்தா போட்டோ அனுப்ப மாட்டானா?’ என்று பெண் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். ஸ்டூடியோப் படம் ஊர் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகியிருந்தது.

அதற்குப் பிறகும் என்னோடு ஒரே தட்டில்தான் சாப்பிட்டான். “அடுத்த கேமராவுல, மூடி போட்டிருந்தா சங்கு ஊதணும்ணே” என்று கேலி செய்வான். ஒப்பந்தம் முடிந்து கலாஸ் என்று ஊர் போனான். எழுதிக் கொடுத்த நம்பரை எங்கோ தொலைத்தேன். கேம்ப்பை இடித்துவிட்டார்களாம். காக்காவின் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி விற்கிறார்கள். கேமரா என்னிடம் இருக்கிறது, மூடிதான் இல்லை.

நண்பர் அனுப்பிய பக்கத்தில் ஒரே வரிதான் எழுதினேன்: ‘மூடி போட்டிருந்தால் ஜன்னலும் இருட்டாகிவிட வேண்டும்.’ அனுப்பப் போய் நிறுத்தினேன். அந்தத் திருத்தம் அன்றே இருந்திருந்தால் அந்தப் பெண்ணோடு அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். அவன் மணலில் காலைத் தூக்கிச் சிரித்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். கால் இருக்கிறதா என்று பெண் வீட்டில் யாரும் என்னைக் கேட்கவில்லை.