அட்சதை விழும்போது கலங்கும் வீடியோ

சமையல்காரருக்கு அடுத்தபடியாக ஊரே குறை சொல்கிற தொழில் கல்யாண வீடியோதான். மண்டபத்தில் கேமராவோடு நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் எல்லாப் படமும் முழுப்படம் இல்லை. முதலில் ஒரு முழுப்படம் இருக்கும். அடுத்து வருபவை, அதில் எது அசைந்ததோ அதை மட்டும் வைத்திருக்கும். கொஞ்சம் கழித்து மறுபடி ஒரு முழுப்படம். இப்படிச் சுருக்காவிட்டால் ஒரு கல்யாணம் போனுக்குள் அடங்காது.

கெட்டிமேளம்

ராஜபாளையத்தில் நான் வீடியோ எடுத்த ஒரு கல்யாணம். பெண்ணின் அண்ணன் செல்வராஜ் ராணுவத்தில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கவாதம், நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். தங்கை கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று செல்வராஜ் எல்லையிலிருந்து போனில் நேரலை பார்த்தார். ஐயர் மந்திரம் சொல்லும்வரை அசைவு குறைவு, படம் பளிச்சென்று போனது. கெட்டிமேளம் கொட்டியதும் மண்டபமே அட்சதை தூவியது. படத்தில் அசையாத இடமே இல்லை, நெட் தாங்கவில்லை. உடனே செல்வராஜிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, அம்புட்டு நேரமும் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. தாலி கட்டும்போது மட்டும் ஏண்ணே கட்டங்கட்டமா தெரியுது?"

கொட்டாவி

கேமராவில் தாலிக்கட்டு சுத்தமாக இருந்தது. அதை மட்டும் வெட்டி அவசரமாக அனுப்பினேன். போனில் வெட்டுகிற ஆப் முழுப்படத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். அது சில விநாடி முன்னால் இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது. வீடியோவைத் திறந்ததும் முதலில் தெரிந்த அந்தப் படத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வாய் நிறையக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். செல்வராஜின் அம்மா என்னைத் தேடி வந்தார்.

"தாலிக்கட்ட கேட்டா கொட்டாவிய அனுப்பிருக்கீகளே தம்பி! எம்மவன் அத சம்பந்தி குரூப்புல வேற போட்டுட்டான், அவிய மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

கை

சில மாதத்தில் செல்வராஜின் அப்பா இறந்துபோனார். காரியத்துக்கு வந்த செல்வராஜ், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் கடைக்கு வந்தார். அப்பா தங்கையை ஆசீர்வதிக்கிற இடத்தைக் கேட்டார். மெமரி கார்டில் சரியாக அந்த இடத்து முழுப்படம்தான் கெட்டிருந்தது. திரை முழுக்கச் சாம்பல் நிறம். அசையாமல் உட்கார்ந்திருந்தவர் தெரியவே இல்லை. மெல்ல மேலே எழும்பிய வலது கை மட்டும் தெரிந்தது. "செத்த பொறுங்க, அடுத்த முழுப்படத்துல முகம் வந்துரும்" என்றேன். வந்தது. செல்வராஜ் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"முகம் வீட்டு போட்டோவுல இருக்குண்ணே. எங்கப்பா கை அசையிறது இதுல மட்டுந்தான் இருக்கு, அந்த எடத்த மறுபடி போடுங்க."

முழுப்படம் கெட்டால் மீதி எதற்கும் ஆகாது என்பது எங்கள் தொழில் விதி. அதை எழுதியவர் கடை போட்டு கஸ்டமரைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.