கம்பெனி பஸ்ஸில் ஊட்டி வர்க்கி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கொரோனா கொஞ்சம் அடங்கியிருந்த சமயம். உள்நாட்டில் எங்காவது சுற்றுலா போய்வந்து டிக்கெட்டைக் காட்டினால், கம்பெனி தரும் பயணப்படிக்கு வரி பிடிக்க மாட்டார்கள். அந்த ஆசையில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்வந்தேன்.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு வழக்கம். யார் ஊருக்குப் போய்வந்தாலும் எல்லோருக்கும் தின்பண்டம் தர வேண்டும். மறுநாள் காலை வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்துக் கைக்குக் கை அனுப்பினேன். எல்லோரும் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

பக்கத்து சீட்டில் தையல் பிரிவு செல்வி. "இன்னாக்கா, இந்த நேரத்துல டூரு?" என்றாள். வரி விஷயத்தைச் சொன்னேன்.

"எங்களுக்கும் உண்டா?"

"உங்க சம்பளத்துக்கு வரியே கிடையாதே. அப்புறம் எப்டி சலுகை?"

"சரி வுடுக்கா, எங்க பங்குக்கு வர்க்கி வந்துச்சே" என்று சிரித்தாள்.

அன்று மாலையே எனக்குக் காய்ச்சல். அடுத்து செல்விக்கு. எனக்குச் சம்பளத்தோடு லீவு. வீட்டிலேயே படுத்துத் தேறினேன். லீவு போட்டால் கூலி போய்விடும் என்று அவள் மாத்திரை போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தாள். மூச்சு முட்டி அங்கேயே சரிந்தவளை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

அந்த வருஷம் எனக்கு வரிச்சலுகை ஒழுங்காகக் கிடைத்துவிட்டது.

இப்போதெல்லாம் ஊருக்குப் போய்வந்தால் சில நாள் பஸ் ஏறுவதில்லை. கணக்குப் பிரிவில் டிக்கெட் கேட்டால், தொலைந்துவிட்டது, வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.