பச்சைச் சுவரும் சிவப்புத் தட்டமும்

என் உப்பா, அதாவது அப்பா, பீரான்குட்டியிடம் எந்த வீடியோ கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஒரே பதில்தான் வரும். "பாப்போம்." பூஞ்சை பிடித்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தாலும் பாப்போம். நாடா அறுந்து குடல் மாதிரி வெளியே தொங்கினாலும் பாப்போம். ஒருமுறை ஒரு சோப்பு டப்பாவைக் கறுப்புத் தாளில் சுற்றி, யாரோ ஒருவரின் நிக்காஹ் கேசட் என்று சொல்லி மேஜையில் வைத்தேன். உப்பா கண்ணாடி போடாமல் அதைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு அதற்கும் "பாப்போம்" என்றார். வேங்கரைக் கடைத்தெரு முழுக்க இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் ஏன் ஒருநாளும் "இதுல ஒண்ணுமில்ல" என்று சொல்வதில்லை என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

உப்பா கல்ஃபுக்குப் போகாத மனிதர். எங்கள் ஊரில் அது ஒரு ஊனம் மாதிரி. இருபது வயதில் ஏஜெண்ட் ஒருவன் ஏமாற்றி பம்பாயிலேயே விட்டுவிட்டுப் போய்விட, திரும்பி வந்தவருக்கு மாமா ஒருவர் துபாயிலிருந்து ஒரு கேமரா கொண்டுவந்து கொடுத்தார். தோளில் வைத்துப் படமெடுக்கும் பெரிய கேமரா. அதன் பிறகு அவர் "கேமரா பீரான்" ஆகிவிட்டார். அந்தக் காலத்தில் ஆண்பிள்ளை சவுதியில் இருக்கும் வீடுகளிலிருந்து கேசட் போகும். வீட்டார் ஒவ்வொருவராக வந்து நின்று பேசுவார்கள். புதிதாகக் கட்டும் வீட்டையும், கன்று போட்ட மாட்டையும், பல் முளைத்த குழந்தையையும் காட்டுவார்கள். லீவு முடிந்து போகிற எவனாவது அதைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போவான். அங்கிருந்து பதில் கேசட் வரும். யார் எங்கே நிற்பது, என்ன உடுத்துவது, பூசாத சுவரை எப்படி மறைப்பது எல்லாம் உப்பாதான் தீர்மானிப்பார். வந்த கேசட்டைப் போட்டுக் காட்டுவதும் அவரே. வீட்டில் டெக் இருந்தாலும் பட்டனைத் தொட எல்லோருக்கும் பயம்.

"அன்னிக்கு எனக்கு இருந்த திமிரு இருக்கே மோளே, மழைக்குக் குடை பிடிக்க மாட்டேன். மழை என்னைப் பாத்து விலகிப் போவும்னு நெனப்பு" என்று ஒருமுறை சொன்னார்.

இப்போது அவர் வேலை, அந்தப் பழைய கேசட்டுகளைச் சுத்தம் செய்து பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பது. நான் பிளஸ் டூ எழுதினேன், அது என்னைத் தாண்ட விடவில்லை. அதனால் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மணமகனின் மீசையை மறைப்பது, மாமனார் கொட்டாவி விடும் இடத்தில் ஆட்டுச் சத்தம் சேர்ப்பது போன்றவை என் சேவைகள். கேட்டவர்களுக்கு மட்டும் அல்ல.

போன மழைக்காலத்தில் ஜம்ஷீர் இக்கா ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தவர் ஒரு பை நிறையக் கேசட்டுகளுடன் கடைக்கு வந்தார். கிழக்குத் தெரு சுலைகாத்தாவின் மகன் அவர். பையைப் பார்த்ததும் உப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"உம்மா இதை அரிசி டிரம்முக்குள்ள வெச்சிருந்துச்சு இக்கா. ஈரம் ஏறாதாம்" என்று சிரித்தார் ஜம்ஷீர். உப்பா ஒன்றை எடுத்து ஆட்டினார். உள்ளே அரிசி குலுங்கியது. வண்டு ஒன்று வெளியே வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போனது.

"எல்லாத்தையும் ஏத்திக் குடுங்க. இந்தப் பச்சைக் கோடு போட்டது மட்டும் வேணாம். அது கெட்டுப்போன கேசட்டாம். அந்தக் காலத்துல நீங்கதான் போட்டுப் பாத்துட்டுச் சொன்னீங்களாம். எங்க உப்பா சவுதிலேருந்து அனுப்புனதாச்சேன்னு உம்மா தூக்கிப் போடாம வெச்சிருக்கு. நீங்களே போட்டுடுங்க."

"பாப்போம்" என்றார் உப்பா. ஆனால் அது வழக்கமான பாப்போம் இல்லை.

அன்று மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். முதலில் சுலைகாத்தாவின் கல்யாணக் கேசட். திருகாணிகளைக் கழற்றி, அரிசியைத் தட்டி, நாடாவைக் கையாலேயே சுற்றிச் சுற்றி ஸ்பிரிட்டில் துடைத்தார். படம் வந்தது. மேல் பகுதி மட்டும் காற்றில் பறக்கும் துணி போல ஒரு பக்கமாக வளைந்து போயிற்று. மணமகனின் தொப்பி ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். நடுவில் ஒரு பழைய டிவிடி ரெக்கார்டரை இணைத்து அதன் வழியாக விட்டார். தொப்பி வந்து தலையில் உட்கார்ந்தது. இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

பிறகு பச்சைக் கோடு போட்ட கேசட்டை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"தூக்கிப் போடச் சொன்னாங்கல்ல?" என்றேன்.

"சொன்னாங்க."

பழைய டெக்கில் போட்டார். கறுப்பு வெள்ளைக் கோடுகள் மேலிருந்து கீழே உருண்டுகொண்டே இருந்தன. நடுவில் ஒரு மனித உருவம் மாதிரி ஏதோ துண்டு துண்டாக ஓடியது. ஸ்பீக்கரில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ உறுமுவது போல ஒரு சத்தம்.

"இதைத்தான் அன்னிக்கு அவங்க வீட்டுல பாத்தேன்" என்றார் உப்பா. "அவங்க மாமியார் ஜின்னு, பேயின்னு சொல்லி அடுக்களைக்குள்ள ஓடிட்டா. முசலியாரைக் கூட்டிவந்து டெக் மேல ஓதி ஊதுனாங்க. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தாங்க. தெரியலைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பாலைவனச் சூட்டுல கேசட் உருகிப்போச்சு, இதுல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டேன்."

"சரி, அதுல என்ன? தெரியாமத்தானே சொன்னீங்க."

"அப்புறம் தெரிஞ்சுதே. அமெரிக்கக்காரங்க வீடியோ முறை வேற, நம்ம முறை வேற. அவங்க கேமராவுல எடுத்தா நம்ம டெக்குல இப்படித்தான் உருளும், இப்படித்தான் உறுமும். கொஞ்ச வருஷத்துலேயே தெரிஞ்சுபோச்சு. சுலைகாத்தா புருஷன் மூசாக்குட்டி இருந்தது சவுதியில, தம்மாம்ல அமெரிக்கக்காரங்க காம்ப்."

உப்பா கிழக்குத் தெருப் பக்கம் போகாமல் பள்ளிவாசலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பக்கம் நாய் இருக்கிறது என்று சொல்வார். ஒரு நாயும் கிடையாது.

மேஜைக்கடியில் துணி போட்டு மூடியிருந்த வேறொரு டெக்கை எடுத்துவைத்தார். அமெரிக்க முறையும் ஓடக்கூடியது. கேசட்டை மாற்றிப் போட்டு ஒரு பொத்தானைத் தள்ளினார். படம் இரண்டு முறை குதித்துவிட்டு நின்றது. கலரோடு நின்றது.

இரும்புக் கட்டிலின் விளிம்பில் ஒரு ஒல்லி மனிதர் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஈர லுங்கி தொங்கியது. கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"சுலைகா, இதை நீ தனியாப் பாரு. உம்மா பக்கத்துல இருந்தா நிறுத்திடு. நமக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நம்ம சமாச்சாரத்தை அடுத்தவன் கையால எழுத எனக்குக் கூச்சமா இருக்கு. கேமரா இரவல் வாங்கியிருக்கேன். எனக்கு இங்க முடியல. சம்பளம் இருக்கு, சோறு இருக்கு, அதெல்லாம் குறையில்ல. முடியல, அவ்வளவுதான். திரும்பி வந்து மார்க்கெட்டுல மீன் வித்தாவது பொழைக்கலாம்னு இருக்கு. ஆனா வீடு பாதியில நிக்குது, எனக்குத் தெரியும். அதனால நீ சொல்லு. பதில் கேசட் எடுக்கும்போது சுத்தி எல்லாரும் நிப்பாங்க, வாயால சொல்ல வேணாம். வந்துடுன்னா நான் குடுத்தனுப்புன பச்சைத் தட்டத்தைத் தலையில போட்டுக்கிட்டு நில்லு. இன்னும் ரெண்டு வருஷம் இருன்னா வேற எதையாவது போட்டுக்க. நான் புரிஞ்சுக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

பிறகு அவருக்குக் கேமராவை நிறுத்தத் தெரியவில்லை. எழுந்து வந்து தடவினார். திரை முழுக்க அவர் சட்டைப் பை. அதில் ஒரு பேனா. எழுதத் தெரியாத மனிதர் பேனா வைத்திருந்தார்.

உப்பா பையைத் துழாவி இன்னொரு கேசட்டை எடுத்தார். மூசாக்குட்டி தம்மாமிலேயே இறந்து அங்கேயே அடக்கமானபோது அவருடைய பெட்டி மட்டும் ஊருக்கு வந்தது. அதில் வந்த கேசட் இது. உப்பாவே எடுத்த பதில் கேசட். அதைப் பழைய டெக்கில் போட்டார்.

பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் சின்ன வயது சுலைகாத்தா. இடுப்பில் மூக்கொழுகும் ஜம்ஷீர். தலையில் முக்காடாக ரத்தச் சிவப்புத் தட்டம். பழைய நாடாவில் சிவப்பு நிற்காது, கசியும். தட்டத்தின் ஓரத்திலிருந்து சிவப்பு வழிந்து சுவர்மேல் வெற்றிலை எச்சில் மாதிரி படர்ந்திருந்தது.

"கேசட் வந்துச்சு. நான் பாத்தேன். ரொம்ப சந்தோசம். இங்க எல்லாரும் சுகம்" என்றார் சுலைகாத்தா.

"பாத்தேன்னு ஏன் சொல்றாங்க? பாக்கலியே."

"நான்தான் சொல்லச் சொன்னேன்." உப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாவம், அவ்வளவு தூரத்துலேருந்து அனுப்பியிருக்காரு, கெட்டுப்போச்சுன்னு சொன்னா மனசு கஷ்டப்படும்னு சொன்னேன். என் மானம் போவாம இருக்க அவரு மனசைக் காரணம் காட்டுனேன்."

கேசட் ஓடி முடிந்து திரை நீலமானது. அப்புறமும் அவர் பேசினார்.

"அவ பச்சையிலதான் வந்தா மோளே."

"எப்போ?"

"படம் எடுக்க நான் கேமராவைத் தோள்ல வெச்சப்போ. புருஷன் அனுப்புனதுன்னு ஆசையாப் போட்டுக்கிட்டு வந்து நின்னா. நான்தான், சுவரும் பச்சை தட்டமும் பச்சை, சுவருக்குள்ள மறைஞ்சுபோயிருவீங்க இத்தா, போய் செவப்பைப் போட்டுக்கிட்டு வாங்கன்னேன். அவ மூஞ்சி சுண்டிப்போச்சு. ஆனா போய் மாத்திக்கிட்டு வந்தா."

இரண்டு வருஷம் பத்தொன்பது வருஷமானது எங்கள் ஊருக்கே தெரியும். மூசாக்குட்டி லீவில் வருவார், யாரிடமும் அதிகம் பேசமாட்டார், போய்விடுவார். "எம் புருஷனுக்கு ரியால்தான் பொண்டாட்டி" என்று சுலைகாத்தா ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். கல்யாண வீடுகளில் அது ஒரு தமாஷ். நானும் சிரித்திருக்கிறேன்.

அதற்கப்புறம் உப்பா சரியாகச் சாப்பிடவில்லை. "கடையில எதையாவது தின்னுட்டு வர்றாரா? அரிசிப் பத்திரியை எண்ணி வெச்சா எண்ணுனது அப்படியே இருக்கு" என்று உம்மா என்னை விசாரித்தாள். மற்ற கேசட்டுகளையெல்லாம் ஏற்றி ஜம்ஷீரிடம் கொடுத்துவிட்டார். அந்த இரண்டும் மட்டும் மேஜையில் கிடந்தன. தூக்கிப் போட்டால் கேட்க ஆளில்லை. கேசட் கெட்டுப்போனது என்று சொன்னவரும் அவர்தான், அதைக் கேட்டவர்கள் மறந்தும் போய்விட்டார்கள்.

எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். பதில் கேசட்டின் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, சிவப்பை மட்டும் பிடித்து, பச்சைப் பக்கம் தள்ளினேன். தட்டம் பச்சையானது. வழிந்திருந்த கசிவும் பச்சையானது.

"உப்பா, இங்க வாங்க. சரி பண்ணிட்டேன்."

வந்து குனிந்து பார்த்தார். சுவரில் தட்டம் கரைந்துபோய் ஒரு முகமும், ஒரு குழந்தையும் மட்டும் அந்தரத்தில் மிதந்தன.

"அன்னிக்கு நான் சொன்னது சரிதான், பாரு. சுவருக்குள்ள மறைஞ்சுட்டா." சிரிக்கப் பார்த்தார். அது சிரிப்பாக முடியவில்லை. "அழிச்சுடு மோளே. இதை அவருக்கா காட்டப் போறோம்?"

அழித்தேன். உப்பா மூசாக்குட்டியின் கேசட்டை ஏற்றி வைத்திருந்த பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். "நீயும் வா" என்றார். கிழக்குத் தெரு வழியாகவே போனோம்.

சுலைகாத்தா பாலில்லாத சுலைமானிச் சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தார். "என்ன பீரானே, வழி தெரிஞ்சுதா? இந்தத் தெருவையே மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"ஜம்ஷீர் இல்லியா இத்தா?"

"பொண்டாட்டி வீட்டுக்குப் போயிருக்கான்."

"நல்லதாப் போச்சு. இதை நீங்க தனியாப் பாக்கணும்" என்று சொல்லி டிவியில் பென் டிரைவைச் செருகினார். "நாங்க வெளிய நிக்கறோம்."

"சும்மா உக்காரு. பட்டனெல்லாம் எனக்குத் தெரியாது."

அதனால் உட்கார்ந்தோம். மூசாக்குட்டி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். சுலைகாத்தா முதலில் தலையிலிருந்த வெள்ளைத் துணியைச் சரிசெய்துகொண்டார், வீட்டுக்குள் வேற்று ஆள் வந்தது போல. பிறகு அசையவே இல்லை. சட்டைப் பை திரையை நிறைத்து, படம் நின்ற பிறகும் அசையவில்லை.

உப்பா எல்லாவற்றையும் சொன்னார். ஜின், சூடு, "பாத்தேன்னு சொல்லுங்க", பச்சைத் தட்டம். ஒன்றையும் விடவில்லை. தலையைக் குனிந்து, மூசாக்குட்டி மாதிரியே தரையைப் பார்த்துச் சொன்னார். சுலைமானி ஆறிப்போனது.

"ஊரு முழுக்க அந்த மனுசனைத் திட்டி வெச்சிருக்கேன்" என்றார் சுலைகாத்தா கடைசியில். "அதையெல்லாம் இப்ப எங்க கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கறது?"

"எனக்குக் குடுங்க இத்தா."

"உனக்குத் தனியா இருக்கு. அதுல பங்கு கேக்காதே."

உப்பா தலையை ஆட்டினார்.

சுலைகாத்தா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். மழைச்சாரல் ஒன்றும் உள்ளே வரவில்லை. அங்கேயே நின்றுகொண்டு சொன்னார்: "வீட்டுக்குக் கூரை ஏறல. இவன் கைக்குழந்தை. அன்னிக்கு இதைப் பாத்திருந்தாலும் நான் செவப்பைத்தான் போட்டிருப்பேன் பீரானே."

ரிமோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"அந்தப் பட்டன் எதுன்னு இந்தப் பொண்ணு காட்டட்டும். அப்புறம் நீங்க போங்க."

காட்டினேன். திரும்பப் போடுவது எப்படி என்றும், சத்தத்தைக் கூட்டுவது எப்படி என்றும் காட்டினேன். அவர் விரல் ரிமோட்டில் என் விரலைவிட உறுதியாக இருந்தது. நாங்கள் செருப்பைப் போடும்போதே உள்ளே "சுலைகா, இதை நீ தனியாப் பாரு" என்று மறுபடியும் கேட்டது.

பாதி வழியில் உப்பா ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார்.

"அவ சொன்னது நெஜமா? செவப்புன்னது."

"நெஜம்தான் உப்பா. கூரை ஏறலைன்னாங்களே. அப்போ யாரு வரச்சொல்லுவா?"

"நீ பொய் சொல்லும்போது வேகமாப் பேசுவே" என்றார்.

வண்டியைக் கிளப்பினார். மறுநாளும் அதற்கு மறுநாளும் கிழக்குத் தெரு வழியாகவே வீட்டுக்கு வந்தார். அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் வேகத்தைக் குறைப்பார். உள்ளே மூசாக்குட்டியின் குரல் கேட்டால் நிற்காமல் வந்துவிடுவார். கேட்காவிட்டால், கேட்கும்வரை அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டு வருவார்.