மெழுகு அல்ல

ஜெர்மனியில் நான் இருக்கும் இந்தச் சிற்றூரில் செத்தவர்களும் வாடகைக்குத்தான் படுத்திருக்கிறார்கள். தவணை முடிந்தால் கல்லைப் பெயர்த்துவிட்டுக் குழியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். சுடலையில் எரித்துவிட்டு வீடு திரும்பும் ஊரில் பிறந்த எனக்கு இது இன்னும் தொண்டையில் இறங்காத சங்கதி. இப்போது அதிலும் ஒரு சிக்கல். இந்தச் சவக்காலையில் இருப்பது களிமண். தோண்டினால் ஆட்கள் உக்காமல் முழுசாகக் கிடக்கிறார்கள். நகரசபைக்குப் பெரிய தலையிடி.

அப்படி ஒரு குழியில் எடுத்த வெள்ளைக் கட்டி சென்ற வாரம் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது. கொழுப்புப் போன்ற பொருட்களைப் பிரித்து, எது எந்த வகையென்று சொல்வதுதான் என் வேலை. வழமையாகச் சமையல் எண்ணெயும் சீஸும் வரும். இது சவர்க்காரத் துண்டுபோலக் கையுறைக்குள் வழுக்கியது. இவர்கள் இதைப் பிண மெழுகு என்கிறார்கள். மெழுகென்றால் கொழுப்பமிலத்தோடு நீண்ட அற்ககோல் மூலக்கூறு ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். இதில் அது இல்லை. கொழுப்பென்றும் சொல்ல முடியாது, அதைக் கட்டி வைத்திருந்த கிளிசரோல் கழன்று போய்விட்டது. மிஞ்சியவை வெறும் கொழுப்பமிலங்கள். மண்ணின் கல்சியம் பிடித்த இடங்களில் சவர்க்காரம். காற்றுப் படாத ஈரக் களியில் மனித உடல் இப்படி மாறி, உருவத்தையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பக்கத்து மேசை கிளவுடியா நல்ல மனுசி. "நீங்கள் எரித்துவிடுவீர்கள் அல்லவா? இந்தத் தொல்லையே இல்லை, கொடுத்துவைத்தவர்கள்" என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

எரிக்கக் கிடைக்காதவன் என் தம்பி. கடைசிச் சண்டையில், முல்லைத்தீவுக் கரையில் அக்காவோடு பங்கருக்குள் இருந்தவன் தண்ணீர் எடுக்கப் போனான், திரும்பவில்லை. துணுக்காயில் இருக்கும் அக்கா இன்றுவரை அவன் படத்துக்கு மாலை போட விட்டதில்லை. எங்களில் செத்தவீடென்றால் இனசனம் ஒவ்வொருவராக வந்து அறுகம்புல்லால் தலையில் எண்ணெய் தொட்டு வைப்போம். அதன் பிறகுதான் குளிப்பாட்டுவது. எண்ணெய் வைக்கத் தலை இல்லாவிட்டால் தர்ப்பையில் ஆள் செய்து காரியத்தை முடிக்கலாமென்று ஐயர் சொன்னபோது, அக்கா அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

"புல்லுக்கு எண்ணெய் வைக்கவோ நான் அவனை வளர்த்தனான்?"

நேற்று அவள் போன் எடுத்தாள். அந்தக் கரைக்குக் கிட்ட வாய்க்கால் வெட்டியபோது எலும்புகள் கிளம்பினவாம். நீதிமன்ற உத்தரவோடு கிண்டப் போகிறார்களாம்.

"நீ உதுகளைத்தானே படிச்சனீ. இவ்வளவு காலத்துக்குப் பிறகு தலை எண்டு ஏதும் மிஞ்சுமோ?"

"அது மண்ணைப் பொறுத்தது அக்கா. மணல் எண்டால் எலும்பு மட்டும்தான். ஈரக் களி எண்டால்..."

"களி எண்டால்?"

"ஆள் அப்பிடியே கிடக்கவும் கூடும்."

"நான் போய் மண்ணைப் பாத்திட்டு வாறன்" என்றாள். தம்பி உயிரோடு இருக்கிறான் என்று எல்லோரோடும் சண்டை பிடித்தவள், அவன் உடம்புக்கு ஆசைப்படத் தொடங்கிவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. ஏன் வாயைத் திறந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இன்று காலை நகரசபைக்குப் பதில் எழுதினேன். வகை, கொழுப்பமிலங்கள். ஆலோசனையும் கேட்டிருந்தார்கள்: களியை அகற்றி மணலை நிரப்புங்கள், உடல்கள் விரைவாக உக்கிவிடும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அனுப்பி முடிக்கையில் போனில் அக்காவின் படம் ஒன்று வந்தது. அவளுடைய உள்ளங்கை நிறைய மண். பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளை மணல், விரலிடுக்கால் உதிர்ந்துகொண்டிருந்தது.

அக்கா வயல் செய்கிறவள். மண்ணைப் பற்றி எனக்கே சொல்லித்தரக் கூடியவள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்:

"இது களிதானே?"